கவிஞரின் ஊராரிடம் கேட்டறிந்தவர்: ஹார்ட்விக் ரான்ஸ்லியும் வேர்ட்ஸ்வொர்த்தும்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையை ஒட்டி கோபரோ என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. 1802 ஏப்ரல் 15 அன்று வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டாரதியும் அவ்வழியே நடந்து வந்தபோது, கரை நெடுகப் பூத்திருந்த டாஃபடில் மலர்களைக் கண்டார்கள். ஆங்கிலப் பாடநூல்களின் வழியாகத் தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவரும் கவிதை அந்த நடையிலிருந்து பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலம் மனைகளாகப் பிரிந்து மாளிகைகள் எழும் நிலை உருவாயிற்று. பொதுமக்களிடம் 12,800 பவுண்டு திரட்டி, ஏரா அருவியையும் சேர்த்துச் சுமார் 750 ஏக்கரை 1906-இல், இயற்கையழகும் வரலாறும் உள்ள இடங்களை மக்களுக்காகக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வாங்கியதால் அது தவிர்க்கப்பட்டது. நிதி திரட்டும் பணியில் முன்னின்றவர், கெசிக் நகரை அடுத்த கிராஸ்த்வைட் சேகரத்தின் குருவானவரான ஹார்ட்விக் டிரம்மண்ட் ரான்ஸ்லி.

நேஷனல் டிரஸ்டை நிறுவிய மூவரில் ஒருவர் என்றுதான் ரான்ஸ்லியை இன்று அறிமுகப்படுத்துகிறார்கள். வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி அவர் எழுதியவை அந்த அறிமுகத்தில் அரை வரியில் முடிந்துவிடும். ஓய்வு நேரத்தில் ஒரு பாதிரியார் செய்த இலக்கியப் பொழுதுபோக்காகவே அவை கருதப்படுகின்றன. இந்தப் பார்வை அவருடைய வாழ்க்கையைப் பாதியாக வெட்டிவிடுகிறது என்பது என் எண்ணம். நிலத்தைக் காப்பதற்கு அவர் முன்வைத்த வாதங்களில் பெரும்பகுதி வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்ததிலிருந்து வந்தது. அதேபோல, வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பாதையையோ வீட்டையோ பாறையையோ சார்ந்தே நின்றது.

ரான்ஸ்லி 1851 செப்டம்பர் 28 அன்று, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஷிப்லேக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் வேர்ட்ஸ்வொர்த் இறந்திருந்தார். அவருக்குப் பின் அரசவைக் கவிஞரான டென்னிசனின் திருமணம் அதே 1850-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஷிப்லேக் ஆலயத்தில் நடந்தது, அதை நடத்திவைத்தவர் ரான்ஸ்லியின் தந்தை. கவிஞர்களை வீட்டுக்கு வந்துபோகும் மனிதர்களாகவே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பெரும் கவிஞர் ஒருவரைப் பற்றி அவர் வீட்டுப் பணியாளர்களிடம் போய்க் கேட்கலாம் என்று பிற்காலத்தில் அவருக்குத் தோன்றியதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். அப்பிங்ஹாம் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியிலும் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கலை விமரிசகர் ஜான் ரஸ்கினின் செல்வாக்குக்கு ஆட்பட்டார். பின்னர் லண்டன் சோஹோ பகுதியின் ஏழைகளிடையே பணிபுரிந்தபோது, குடிசைவாசிகளுக்கு நல்ல வீடும் திறந்தவெளியும் கிடைக்கப் பாடுபட்ட ஆக்டேவியா ஹில்லின் அறிமுகம் கிடைத்தது. பிரிஸ்டலில் சில காலம் ஊழியம் செய்துவிட்டு, விண்டர்மியர் ஏரிக்கரையில் உள்ள ரே என்னும் சிறிய சேகரத்துக்கு வந்தார். 1878-இல் ஆம்பிள்சைடைச் சேர்ந்த ஈடித் ஃபிளெட்சரை மணந்தார். 1883-இல் கிராஸ்த்வைட்டுக்கு மாறியவர் 1917 வரை அங்கேயே இருந்தார். அந்த ஆலய வளாகத்தில்தான் கவிஞர் ராபர்ட் சவுதி அடக்கமாகியிருக்கிறார். ஆலயத்தின் உள்ளே இருக்கும் சவுதியின் நினைவுச் சிற்பத்தில் பொறித்திருக்கும் செய்யுள் வரிகள் வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த வரிகளுக்கு அருகில் நின்று வழிபாடு நடத்தியவர் ரான்ஸ்லி.

1880-இல் ஏரி மாவட்டத்து ஊரான கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் சங்கம் தொடங்கியது. ஆறு ஆண்டுகளே இயங்கிய அந்தச் சங்கம் வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகளில், கவிஞரின் தத்துவம், சமயம், பாடபேதம் என்று அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1882-இல் ரான்ஸ்லி அளித்த கட்டுரை வேறு வகையானது. வெஸ்ட்மர்லாந்துக் குடியானவர்களிடையே வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றிய நினைவுகள் என்பது அதன் பொருள். கவிஞர் மறைந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை நேரில் பார்த்தவர்கள் முதுமையில் இருந்தார்கள். கவிஞர் வாழ்ந்த ரைடல் மவுண்ட் வீட்டில் வேலை பார்த்தவர்கள், கொத்தனார், மலையடிவார விவசாயிகள் என ஒவ்வொருவரையும் தேடிச் சென்று, அவர்கள் பேசிய வட்டார வழக்கை ஒலி மாறாமல் எழுத்தில் பிடித்துவைத்தார்.

இந்த முயற்சியின் கூர்மை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 1800-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில், எளிய நாட்டுப்புற வாழ்க்கையைப் பொருளாகவும், மனிதர்கள் உண்மையில் பேசும் மொழியைக் கருவியாகவும் எடுத்துக்கொண்டதாக வேர்ட்ஸ்வொர்த் அறிவித்திருந்தார். ஆங்கிலக் கவிதையின் போக்கை மாற்றிய அறிவிப்பு அது. ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பாடினாரோ அவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்வியை அதுவரை யாரும் அந்த மக்களிடமே எடுத்துச் செல்லவில்லை. ரான்ஸ்லி எடுத்துச் சென்றார். கிடைத்த பதில்கள் ஒரு பக்தருக்கு இனிக்கக்கூடியவை அல்ல.

ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசக்கூடியவர் அல்லர் வேர்ட்ஸ்வொர்த். ஊர்க்காரர்களாலும் அவரோடு பேச முடியாது என்றார் ஒருவர். எதிரே வருபவரை வழியில் கிடக்கும் கல்லைப் போலக் கடந்து போய்விடுவார் என்றார் இன்னொருவர். முகத்தில் மகிழ்ச்சியே தெரியாத மனிதர் என்பது பலருடைய நினைவு. அதற்குக் காரணமாக அவர்கள் கண்டது அவருடைய கவிதையைத்தான்: தலை முழுக்க அதுவே நிறைந்திருந்ததால் அவர் மற்ற மனிதர்களிடமிருந்து விலகிப்போனார் என்று விளக்கம் சொன்னார்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பரான கவிஞர் கோல்ரிட்ஜின் மகன் ஹார்ட்லியின் பெயரை எடுத்தால் அதே முகங்கள் மலர்ந்தன. குடிப்பழக்கத்தால் வாழ்க்கையைச் சிதறவிட்ட ஹார்ட்லி, எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுப்பங்கரையில் அமர்ந்து பேசக்கூடியவர். ஊர் மனிதர் அவர்தான்.

கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி, வேர்ட்ஸ்வொர்த் கவிதை இயற்றும் விதத்தைப் பற்றியது. தோட்டத்துப் புல்வெளிப் பாதையில் தலையைச் சற்று முன்னே நீட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் முனகியபடி நடப்பார், நிற்பார், மறுபடியும் முனகிக்கொண்டே மறுமுனை வரை போவார், பிறகு உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக் கொஞ்சம் எழுதுவார் என்று ஒரு பழைய பணியாளர் விவரிக்கிறார். அந்த முனகலை அவர் வெறும் ஒலிக்குறிப்பாகவே சொல்லிக் காட்ட, ரான்ஸ்லி அதை அப்படியே எழுதியிருக்கிறார். டாரதி பின்னாலேயே போய், அண்ணன் உதிர்த்த துண்டுகளைப் பொறுக்கித் தாளில் ஏற்றினார் என்கிறார் மற்றொருவர். அவற்றின் பொருள் டாரதிக்கும் விளங்கியிருக்காது, அவருக்கே எவ்வளவு விளங்கியதோ தெரியாது, ஆனாலும் விளங்கிக்கொள்ளும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிக்கிறார். யாப்பு என்பது வேர்ட்ஸ்வொர்த்துக்கு நடையின் தாளத்திலும் குரலின் அதிர்விலும் பிறந்த ஒன்று என்பதற்கு, எந்த விமரிசகரின் சொல்லையும்விட இந்தப் பணியாளரின் சொல்தான் நெருக்கமான சான்று. அந்த மனிதருக்குக் கவிதை புரியவில்லை. எனினும் கவிதை உருவாவதைக் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் இருந்தவர் அவர்.

உறைந்த ஏரியின் மேல் வேர்ட்ஸ்வொர்த் சறுக்கியதைப் பற்றிய நினைவும் அப்படிப்பட்டதே. ஒரு கையை மார்புச் சட்டைக்குள்ளும் மற்றொரு கையை இடுப்புப் பட்டிக்குள்ளும், மேய்ப்பர்கள் குளிருக்குச் செய்வதுபோல் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்று கம்பீரமாக ஊசலாடிப் போவார் என்று நினைவுகூர்கிறார்கள். இளமையில் பனி ஏரியில் சறுக்கி விளையாடியதைத் தம் நெடுங்கவிதையில் பாடியவர், முதிய வயதிலும் அந்த விளையாட்டை விடவில்லை என்பதை அயலார் வாய்மொழி உறுதிப்படுத்துகிறது.

இந்தக் கட்டுரையைக் குறைகளோடுதான் ஏற்க வேண்டும். கேள்விகளை ரான்ஸ்லியே தொடுக்கிறார், சில இடங்களில் பதிலை நோக்கிப் பேச்சைத் திருப்பவும் செய்கிறார். படித்த பாதிரியார் ஒருவர் குடியானவரின் பேச்சை எழுத்தில் நடித்துக் காட்டுவதில் இருக்கும் மேல்தட்டுத் தொனியும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. இருந்தாலும், தாம் வழிபட்ட கவிஞருக்கு எதிரான சொற்களை அவர் நீக்கவில்லை, மென்மையாக்கவும் இல்லை. அந்த நேர்மையால்தான், ஆர்வலர் ஒருவரின் தொகுப்பாகத் தொடங்கிய எழுத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் மூலச் சான்றாக நிற்கிறது.

அதே கட்டுரையில் வரும் இன்னொரு செய்தி, ரான்ஸ்லியின் பிற்காலப் பணியோடு நேரடியாக இணைகிறது. மரங்களை வெட்டுவது, சுவர் எழுப்புவது, புகைபோக்கிகளின் வடிவம் ஆகியவற்றிலெல்லாம் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் திட்டவட்டமான கருத்து இருந்தது. வட்டப் புகைபோக்கிகளை அவர் வற்புறுத்தினார் என்று ஊரார் நினைவுகூர்கிறார்கள். நிலத்தின் முகம் மாறுவதை அவரால் பொறுக்க முடியாது என்றும் சொன்னார்கள். கவிதை வாசிக்காதவர்களுக்கும் அவரைப் பற்றி இந்த ஒன்று தெரிந்திருந்தது.

வேர்ட்ஸ்வொர்த் ஏரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதியிருந்தார். 1810-இல் ஓர் ஓவியத் தொகுப்பின் முன்னுரையாகப் பெயரில்லாமல் வெளிவந்து, திருத்தங்கள் பல கண்டு, 1835-இல் இறுதி வடிவம் பெற்ற நூல் அது. ஏரி மாவட்டம் ஒருவகையான தேசியச் சொத்து, காணும் கண்ணும் சுவைக்கும் மனமும் உடைய ஒவ்வொருவருக்கும் அதில் உரிமையும் பங்கும் உண்டு என்ற கருத்து அதில் வருகிறது. பின்னாளில் பாதுகாப்பு இயக்கங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட இந்த வாக்கியத்தின் இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். புதிதாக நிலம் வாங்கி வீடு கட்டவும் தோப்பு வைக்கவும் வந்த செல்வர்களை நோக்கி, நல்ல ரசனையோடு நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் பகுதியில்தான் அது இடம்பெறுகிறது. வேர்ட்ஸ்வொர்த் அதைச் சட்டக் கோரிக்கையாக எழுதவில்லை, நில உடைமையாளர்களின் மனச்சாட்சிக்கு விடுத்த வேண்டுகோளாகவே எழுதினார். ரசனை பற்றிய அந்த வேண்டுகோளைச் சங்கமாகவும், வழக்காகவும், நிலப் பத்திரமாகவும், இறுதியில் நாடாளுமன்றச் சட்டமாகவும் மாற்றிய தலைமுறையைச் சேர்ந்தவர் ரான்ஸ்லி.

1883-இல் ஹானிஸ்டர் பலகைக்கல் குவாரிகளிலிருந்து கல்லை இறக்குவதற்காக, டெர்வெண்ட்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி இருப்புப்பாதை அமைக்கும் மசோதா வந்தது. ரான்ஸ்லி செய்தித்தாள்களுக்கு எழுதினார், ஆதரவாளர்களைத் திரட்டினார். மசோதா அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு அபாயத்துக்கும் புதிதாக ஆள் சேர்ப்பதைவிட நிலையான அமைப்பு தேவை என்று கருதி, ஏரி மாவட்டப் பாதுகாப்புச் சங்கத்தை அந்த ஆண்டிலேயே தொடங்கினார். அதற்கான அழைப்பை அவர் வேர்ட்ஸ்வொர்த் சங்கத்தின் கூட்டத்திலேயே முன்வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கவிதை வாசகர்களே அந்தப் போராட்டத்தின் முதல் படையாக அமைந்தார்கள்.

இங்கே ஒரு முரண்பாட்டை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1844-இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை திட்டமிட்டபோது வேர்ட்ஸ்வொர்த் அதை எதிர்த்துப் பதினான்கு வரிப் பாடலான சானெட் ஒன்றை எழுதினார், மார்னிங் போஸ்ட் நாளிதழுக்குக் கடிதங்களும் எழுதினார். லங்காஷயர் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ஏரிகளுக்குக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை, இயற்கையை ரசிக்கும் பழக்கம் படிப்படியாகத்தான் வரும், அவரவர் ஊருக்கு அருகிலேயே சிறு நடைகள் போகட்டும் என்பது அக்கடிதங்களின் வாதம். எளியவர்களைப் பாடிய கவிஞரிடமிருந்து இப்படியொரு வாதம் வந்ததை இன்று படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாதை 1847-இல் திறக்கப்பட்டது.

ரான்ஸ்லியும் ரயில் பாதையை எதிர்த்தவர்தான். ஆனால் எளியவர்களின் ரசனை மீது வேர்ட்ஸ்வொர்த்துக்கு இருந்த சந்தேகம் அவரிடம் இல்லை. கெசிக்கை ஒட்டிய லாட்ரிக் குன்றுக்கு மக்கள் காலங்காலமாக நடந்துபோன பாதையை நில உடைமையாளர்கள் அடைத்தபோது, அவர் தலைவராக இருந்த நடைபாதைப் பாதுகாப்புச் சங்கம் அதை எதிர்த்தது; 1887 அக்டோபர் 1 அன்று சுமார் 2000 பேர் தடைகளைக் கடந்து குன்றின் உச்சிக்கு ஏறினார்கள். வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்து, மலையேறும் வழி மக்களுக்குக் கிடைத்தது. நடப்பவரின் காலடியில் பிறந்த கவிதையை நேசித்த ஒருவர், நடக்கும் உரிமைக்காகப் போராடியதில் ஓர் இயல்பான தொடர்ச்சி தெரிகிறது. எனினும் வேர்ட்ஸ்வொர்த்தின் கடிதங்களிலிருந்து மட்டும் அந்த இடத்துக்கு வந்து சேர முடியாது. சோஹோவும் ஆக்டேவியா ஹில்லும் அதற்குத் தேவைப்பட்டார்கள்.

எல்லாப் போராட்டங்களிலும் அவர் வெல்லவில்லை. மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காகத் தர்ல்மியர் ஏரியை நீர்த்தேக்கமாக உயர்த்த 1879-இல் நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. அந்த ஏரியோரப் பழைய சாலையில், கிராஸ்மியருக்கும் கெசிக்குக்கும் நடுவில், ஒரு பாறை இருந்தது. கிராஸ்மியரிலிருந்து வேர்ட்ஸ்வொர்த் குடும்பமும் கெசிக்கிலிருந்து கோல்ரிட்ஜும் வந்து சந்தித்துக்கொள்ளும் இடம் அது. வேர்ட்ஸ்வொர்த், பின்னர் அவர் மனைவியான மேரி ஹட்சின்சன், டாரதி, கோல்ரிட்ஜ், தம்பி ஜான், மேரியின் தங்கை சாரா ஆகிய ஆறு பேரின் பெயர்களின் முதலெழுத்துகள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. புதிய சாலைக்காக அந்தப் பாறை உடைபட்டது. முழுதாகப் பெயர்த்தெடுக்க முடியாமற்போன நிலையில், ரான்ஸ்லியும் ஈடித்தும் எழுத்துகள் இருந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, மேலே ஒரு கற்குவியலாக அடுக்கிச் சேர்த்துவைத்தார்கள். அன்று அவர்கள் அதைச் செய்திருக்காவிட்டால், 1984-இல் அத்துண்டுகளைக் கிராஸ்மியருக்குக் கொண்டுவந்து வேர்ட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தின் அருகே மறுபடி பொருத்த வாய்ப்பே இருந்திருக்காது. 1894-இல் தர்ல்மியர் தண்ணீர்த் திட்டத்தின் தொடக்க விழாவில் ரான்ஸ்லியே பிரார்த்தனை செய்தார். நகரத்து ஏழைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை மறுக்க முடியாதவர் அவர் என்பதால், இதைப் பல்டியாகக் கருத எனக்குத் தோன்றவில்லை.

கிரைஸ்டேல் குளத்தருகே உள்ள பிரிவுக் கல்லும் அவர் முயற்சியால் வந்ததே. 1800-இல் வேர்ட்ஸ்வொர்த் தம்பி ஜானைக் கடைசியாக வழியனுப்பிய மலைவழி அது. ஜான் 1805-இல் தாம் தலைமை ஏற்றுச் சென்ற கப்பல் மூழ்கி இறந்தார். தம்பிக்காக அண்ணன் எழுதிய இரங்கற்பாவின் வரிகளை அந்த இடத்துப் பாறையிலேயே பொறிக்கச் செய்தார் ரான்ஸ்லி. வெயிலும் மழையும் அவ்வரிகளை இப்போது பெரிதும் அரித்துவிட்டன.

ஆக்டேவியா ஹில், வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் 1895 ஜனவரி 12 அன்று நேஷனல் டிரஸ்டை அவர் பதிவு செய்த வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. இறக்கும் வரை அதன் கௌரவச் செயலாளர் அவரே. 1902-இல் டெர்வெண்ட்வாட்டர் கரையில் பிராண்டில்ஹௌ என்ற 108 ஏக்கர் நிலம் ஏரி மாவட்டத்தில் டிரஸ்ட் வாங்கிய முதல் சொத்தாயிற்று. அந்த நிதிக்கு வந்த நன்கொடைகளில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒரு தொழிலாளி அனுப்பிய இரண்டரை ஷில்லிங்கும் ஒன்று. ஏரிகளைப் பார்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கினேன், இனி பார்க்கப்போவதில்லை, மற்றவர்களுக்காக அவற்றைக் காக்க உதவ விரும்புகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். 1844-ஆம் ஆண்டுக் கடிதங்களில் தொழிலாளியின் ரசனையைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுப்பிய ஐயத்துக்கு இதைவிட நேரடியான மறுமொழி வந்திருக்க முடியாது. டிரஸ்டின் நிலங்களை யாரும் பின்னாளில் விற்றுவிட முடியாதபடி பாதுகாக்கும் அதிகாரத்தை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது.

அவர் எழுதிக் குவித்த நூல்கள் ஏராளம். 1894-இல் இரு தொகுதிகளாக வந்த, ஏரி மாவட்டத்தின் இலக்கியத் தொடர்புகளைக் கூறும் நூல் அவற்றில் முக்கியமானது. வாசகரை ஊர் ஊராக, வீடு வீடாக அழைத்துப்போய், எந்தக் கவிஞர் எந்த வழியில் நடந்தார், எந்தச் சாளரத்தின் அருகே எழுதினார் என்று காட்டும் முறை அதில் முதிர்ச்சி அடைந்திருக்கிறது. சொந்தக் கவிதைகளைப் பொறுத்தவரை, வேர்ட்ஸ்வொர்த்தைப் போலவே சானெட் வடிவத்தை விரும்பி, எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு சானெட் என்று எழுதித் தள்ளினார். அவற்றில் நிலைத்தவை மிகக் குறைவு. உரைநடையில் அடுத்தவர் குரலுக்கு இடம் கொடுத்தவர், செய்யுளில் தம் குரலையே உயர்த்தினார். வேறுபாடு படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஓய்வுக்குப் பின் அவர் குடியேறிய வீடு கிராஸ்மியரில் உள்ள ஆலன் பேங்க். 1805-இல் அது கட்டப்பட்டபோது, பள்ளத்தாக்கின் அழகையே கெடுத்துவிட்டது என்று வேர்ட்ஸ்வொர்த் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். பிறகு குடும்பம் பெருகி இடம் போதாமல் 1808 முதல் 1811 வரை அதே வீட்டில் வாடகைக்கு இருந்தார், கோல்ரிட்ஜும் அங்கே வந்து தங்கித் தம் வார இதழை நடத்தினார். ரான்ஸ்லி 1920 மே 28 அன்று காலமானார். ஆலன் பேங்க் அவருடைய விருப்பப்படியே நேஷனல் டிரஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 2011-இல் தீவிபத்து ஒன்றைச் சந்தித்த அந்த வீடு, மறு ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அவருடைய எழுத்துகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் 1882-ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளலாம். 1903-இல் அவர் வெளியிட்ட ஏரிநாட்டுச் சித்திரங்களின் தொகுப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. 1968-இல் தனி நூலாகவும் வந்தது. வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் தடுக்கும். உரக்க வாசித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.